பட்டியலில் கடைசி வீடு

கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த விரல்களை மிலன் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தான். சுண்டு விரலை எடுத்தால் மோதிர விரல் திரும்பவும் போய் ஒட்டிக்கொண்டது. கெராமத் அலிக்கு வலது பக்கம் விழுந்து எட்டு மாதம் ஆகிறது. மிச்சமிருந்த பலமெல்லாம் அந்த இடது கையில்தான் இருந்தது.

"கடைசி," என்றார் கெராமத். வாய் கோணியிருந்ததால் பாதிச் சொல் காற்றாகத்தான் வந்தது.

"என்ன சொல்றார்?" என்று வாசலில் நின்ற பாபுல் கேட்டான். ஸ்ட்ரெச்சரின் ஒரு முனை அவன் தோளில் இருந்தது. பின்னால் இன்னும் இரண்டு பேர், எல்லோரும் மஞ்சள் சட்டைப் படையினர்.

"கடைசியா வாங்கன்றார்." மிலன் கையை விட்டுவிட்டு நிமிர்ந்தான். புயல் எச்சரிக்கைப் படைக்கு இப்போது அவன்தான் தலைவன். அந்த வேலையை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர்தான் கட்டிலில் கிடந்தார். "சாச்சி, நீங்களாவது சொல்லுங்க. படுக்கையில இருக்கிறவங்க, புள்ளத்தாச்சிங்க, இவங்கதான் மொதல்ல. அந்தச் சட்டத்தைப் போட்டதே சாச்சாதான்."

கெராமத்தின் மனைவி ஜுலேகா கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மணி எட்டுகூட ஆகவில்லை. வானம் ஈயப் பாத்திரத்தின் நிறத்தில் இருந்தாலும் குளத்தில் வாத்துகள் இன்னும் மேய்ந்துகொண்டுதான் இருந்தன. எட்டாம் எண் அபாயம் என்று கரைமேல் படைப் பெண் லிபி மைக்கில் சொல்லிக்கொண்டு போவது கேட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவர் விரலை எடுத்துவிடுவார். அது ஜுலேகாவுக்குத் தெரியும்.

"அவர் பேச்சை நான் எப்படி மீறுறது? கடைசியாவே வாங்க."

"கடைசின்னா மத்தியானம் ஆயிடும். காத்து இப்ப இருக்கிற மாதிரி இருக்காது."

"முப்பத்தாறு வருஷமா இந்த வீடு கடைசிதானே மிலன்? இன்னைக்கு மட்டும் என்ன?"

மிலன் எதையோ சொல்ல வாயைத் திறந்தான். கெராமத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

"சரி சாச்சா. மாப்பிள்ளை எப்ப சொல்றாரோ அப்பதான் பல்லக்கு," என்று பாபுல் ஸ்ட்ரெச்சரைத் திருப்பினான். "ஆனா அப்ப வந்து அழுத்துது, ஆட்டுதுன்னு எங்களைத் திட்டக்கூடாது."

கெராமத்தின் இடது கண் சிரித்தது. வலது கண் சொன்னபடி கேட்கவில்லை.

அவர்கள் போன பிறகு ஜுலேகா கதவருகே கொஞ்ச நேரம் நின்றாள். தான் செய்தது சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அப்படிச் செய்ததற்கு அவரது பிடிவாதம் மட்டும் காரணம் இல்லை என்பதும் தெரிந்தது.

அஸ்மாத் தீவில் எந்தப் புருஷனும் மனைவிக்குப் பக்கத்தில் நடப்பதில்லை. சந்தைக்கானாலும் கல்யாண வீட்டுக்கானாலும் படகுத்துறைக்கானாலும் அவர் பத்தடி முன்னே போவார், அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னே போவாள். கெராமத்தும் அப்படித்தான். குடைகூட அவர் தலைக்கு மட்டும்தான் இருக்கும். புயல் நாள் மட்டும் வேறு.

அன்றைக்கு விடியலிலேயே மைக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். கரையோரம் தொண்ணூறு வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் சண்டை, சமாதானம், மாட்டை என்ன செய்வது என்ற அழுகை. எல்லோரையும் அனுப்பிவிட்டு, பனைமட்டை பறக்கிற காற்றில், சொட்டச் சொட்ட நனைந்து தன் வீட்டு முற்றத்துக்கு வந்து நிற்பார். அங்கே இருப்பது ஒரே ஒருத்தி. ஆனாலும் மைக்கை வாயில் வைத்து, "மகா அபாயம், பத்தாம் எண். வீட்டில் இருப்பவர்கள் உடனே புயல் காப்பகத்துக்குச் செல்லவும்," என்று முழுதாகச் சொல்லுவார்.

அவள் முதல் சங்கு ஊதும்போதே தயாராகிவிடுவாள். அவல், வெல்லம், பிளாஸ்டிக் பையில் நிலப் பத்திரம், வெற்றிலைச் செல்லம், எல்லாம் ஒரே மூட்டையில்.

"இன்னும் கெளம்பலையா?"

"கூப்பிட்டாதானே வர முடியும்?"

அப்போது கையை நீட்டுவார். காற்று தள்ளிவிடாமல் இருக்க என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டிலிருந்து காப்பகம் வரை அரை மைல் செங்கல் பாதை. ஊரே காலியாகி, எவர் கண்ணும் இல்லாத அந்தப் பாதையில் இரண்டு பேரும் கை கோத்துக்கொண்டு போவார்கள். காற்று ஓங்கி அடிக்கும்போதெல்லாம் அவர் விரல்கள் ஒருமுறை இறுகும். பேச்சு எதுவும் இருக்காது, பேசினாலும் கேட்காது. கல்யாணமான முதல் வருஷத்திலிருந்து இதுவரை ஒன்பது முறை அப்படி நடந்திருக்கிறார்கள். சில தடவை அபாய எண் ஏறி, ஊர் கலவரப்பட்டு, கடைசியில் புயல் பர்மாப் பக்கம் திரும்பிப் போய்விடும். ஊரெல்லாம் அல்லாவுக்கு நன்றி சொல்லும். ஜுலேகாவும் சொல்லுவாள். சொல்லிவிட்டு மூட்டையைப் பிரிக்கும்போது நெஞ்சுக்குள் எதுவோ வாடிப்போகும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

பக்கத்து வீட்டு சொகினா மட்டும் ஒருமுறை காப்பகத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள்: "எங்களுக்கெல்லாம் சங்கு ஊதினா போதும். ஜுலேகாவுக்கு மாப்பிள்ளை வந்து கூப்பிட்டாதான் கால் எழும்பும்." கெராமத் கேட்காதவர் போல அவல் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்குமேல் சட்டகாம் நகரத்திலிருந்து மகன் கொகன் போன் செய்தான். "அம்மா, இன்னும் வீட்டுலயா இருக்கீங்க? அப்பாவை மொதல்ல தூக்கச் சொல்லு. அந்த மிலன் என்ன பண்றான்?" அவள் பதில் சொல்லத் தொடங்கும்போதே இணைப்பு போய்விட்டது. அதற்குப் பிறகு கிடைக்கவில்லை.

வாத்துகள் தாமாகவே கரையேறி மாட்டுத் தொழுவத்துக்குள் போயின. மழை சாய்ந்து அடிக்கத் தொடங்கியது. கெராமத் தலைமாட்டைக் காட்டி ஏதோ சொன்னார். தண்ணீரா என்றாள், இல்லை. மருந்தா, இல்லை. மூன்றாம் முறைதான் அவளுக்குப் புரிந்தது. சீப்பு.

"நல்லா இருக்கு. வீடு பறக்கப் போகுது, இவருக்கு வகிடு வேணும்."

சொல்லிக்கொண்டே தலையை மடியில் எடுத்து வைத்து வாரிவிட்டாள். தேங்காய் எண்ணெய் கொஞ்சம் தடவினாள். வெளுத்து வைத்திருந்த குர்தா ஒன்றை மாற்றிவிட்டாள். எட்டு மாதத்தில் கை கால் எல்லாம் குச்சியாகிவிட்டிருந்தது. மூச்சு ஒரு படி ஏறி, நின்று, யோசித்து இறங்குவது போல இருந்தது. நேற்று அப்படி இல்லை. அவள் சீப்பைக் கீழே வைக்காமல் அந்த மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிலனும் மற்ற மூவரும் வரும்போது பத்தாம் எண் ஏறிவிட்டிருந்தது. இந்த முறை கெராமத் கட்டில் சட்டத்தைத் தொடவில்லை. ஸ்ட்ரெச்சரில் கிடத்தி, தார்ப்பாய் போர்த்தி, கயிறு கட்டினார்கள். தலைப் பக்கம் மிலன், கால் பக்கம் பாபுல், நடுவில் ஆளுக்கொரு பக்கம் இரண்டு பேர்.

"சாச்சி, தெற்கு வளைவுல மொக்லேசோட அம்மா ஆட்டை விட்டு வரமாட்டேன்னு உக்காந்திருக்கு. இவரை எறக்கிட்டு நாங்க அங்க ஓடணும். கொஞ்சம் எட்டி நடங்க."

ஜுலேகா மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி அவருடைய இடது கையை வெளியே எடுத்தாள். நடுவில் தூக்கிக்கொண்டிருந்தவன் அதைப் பார்த்துவிட்டுத் தன் தோளைக் கொஞ்சம் ஒதுக்கி அவளுக்கு இடம் கொடுத்தான்.

கரைக்கு அப்பால் மேக்னா ஆறு கறுத்துப் போய்க் கொதித்துக்கொண்டிருந்தது. தென்னை மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்திருந்தன. மழை மணலை அள்ளி வீசுவது போல முகத்தில் குத்தியது. காற்று முதல் தடவை ஓங்கி அடித்தபோது நான்கு பேரும் முட்டி மடங்கி நின்றார்கள். ஜுலேகாவின் கைக்குள் அந்த விரல்கள் இறுகின. முன்பு போல இல்லை, குழந்தை பிடிப்பது போலத்தான். ஆனால் இறுகின. அவளுக்கு முகம் முழுக்க மழை என்பதால் ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை.

மசூதியைத் தாண்டினார்கள். மறுபடி ஒரு காற்று, மறுபடி விரல்கள். பள்ளிக்கூடத் தகரம் ஒன்று பாதைக்குக் குறுக்கே உருண்டு வயலில் போய் விழுந்தது. இன்னொரு காற்று, கொஞ்சம் தாமதமாக விரல்கள்.

மதகடியில் வந்த காற்றுதான் எல்லாவற்றிலும் பெரியது. பாபுல் "அல்லா" என்று கத்தினான். ஸ்ட்ரெச்சர் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. ஜுலேகா காத்திருந்தாள். விரல்கள் இறுகவில்லை. அடுத்த காற்றுக்குக் காத்திருந்தாள். அது வந்தது, போனது. அவள் தன் விரல்களை இறுக்கினாள். கை சூடாகத்தான் இருந்தது.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த அதே நொடியில் சொகினாவின் மாமனார் நினைவுக்கு வந்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய புயலில் இதே பாதையில், தூக்கிக்கொண்டு வரும்போதே அவர் போய்விட்டார். கெராமத் ஸ்ட்ரெச்சரை இறக்கச் சொல்லி, உடலை ஈச்ச மரத்தோடு சேர்த்துக் கட்டச் சொன்னார். சொகினா அவர் காலைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "அவருக்கு இனி புயல் இல்ல தாயீ. உயிரோட இருக்கிறவங்க வீட்டுக்கு ஸ்ட்ரெச்சர் வேணும்," என்று சொல்லி ஆட்களைத் திருப்பி ஓடவிட்டார். அன்றிலிருந்து அது படையின் சட்டம். அவர் போட்டது.

தெற்கு வளைவில் ஒரு கிழவி ஆட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மதகிலிருந்து காப்பகத்துக்கு இன்னும் கால் மைல். ஜுலேகா வாயைத் திறந்தாள். வாயெல்லாம் மழைத் தண்ணீர். மூடிக்கொண்டாள். கையை மட்டும் விடாமல் நடந்தாள்.

காப்பகம் தூண்கள்மேல் நிற்கும் மூன்று மாடிக் கட்டிடம். படிக்கட்டின் முதல் வளைவில் ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள். மிலன் குனிந்து தார்ப்பாயை விலக்கினான். கெராமத்தின் முகத்தைப் பார்த்தான். பிறகு ஜுலேகாவைப் பார்த்தான்.

"தெற்கு வளைவு. ஓடுங்க," என்றான். வெறும் கையோடு நாலு பேரும் படியிறங்கி மழைக்குள் போனார்கள்.

முதலில் லிபிதான் பார்த்தாள். மைக்கைச் சுவரோரம் வைத்துவிட்டு வந்து ஜுலேகாவின் தோளை அணைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு சொகினா வந்தாள், மற்றவர்கள் வந்தார்கள், அழுகை படிக்கட்டு வழியாக மேல்மாடி வரை ஏறியது. "எப்ப ஆச்சு? வர்ற வழியிலயா? இங்க வந்தா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஜுலேகா தலையை ஆட்டினாள். அது எந்தக் கேள்விக்கு என்று ஒருவரும் கவனிக்கவில்லை.

படையினர் திரும்பிவர வெகுநேரம் ஆனது. கீழே தண்ணீர் தூண்களின் இடுப்பளவுக்கு ஏறிய பிறகு, மொக்லேசின் தாயை முதுகில் சுமந்துகொண்டு மிலன் வந்தான். கிழவி ஆடுகளின் பெயரைச் சொல்லி அவன் காதிலேயே ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்தாள். பாபுலின் இடது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பிளந்திருந்தது. தகரம் பறந்து வந்து வெட்டியிருக்கிறது.

லிபி பஞ்சு வைத்துக் கட்டும்போது ஜுலேகா எழுந்துபோய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாபுலு. என்னாலதான் இது."

"தகரம் வெட்டுச்சு சாச்சி. நீங்க எங்க வெட்டுனீங்க?" அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தான். "லிபி அக்கா, கொஞ்சம் மெதுவா. இது உங்க வீட்டுத் தலையணை உறை இல்ல."

அவள் கட்டு முடியும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் காற்றின் சத்தம் கொஞ்சம் அடங்கியது. மிலன் வந்து படிக்கட்டில் அவளுக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்தான். ஒரு கிண்ணத்தில் அவலும் வெல்லமும் கொண்டுவந்திருந்தான். அவள் வாங்கிப் பக்கத்தில் வைத்தாள்.

"மிலன், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அவர் இங்க வந்து போகல."

"தெரியும் சாச்சி. மதகுல."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"தலைப் பக்கம் நான்தானே தூக்கினேன்? உசிரு இருக்கிற தலை நம்ம நடைக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் சமாளிக்கும். மதகுக்கு அப்புறம் அது சும்மா ஆட ஆரம்பிச்சிடுச்சு."

"அப்ப ஏன் எறக்கல? சட்டம் இருக்கே."

மிலன் தன் ரப்பர் செருப்பின் வாரைச் சரிசெய்துகொண்டே இருந்தான். அது சரியாகத்தான் இருந்தது.

"தப்புதான். பாபுல் கை கெட்டதுக்கு நான்தான் பொறுப்பு, நீங்க இல்ல." செருப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தான்: "காலையில ஒண்ணு சொல்ல வந்தேன். சாச்சா மொறைச்சார், விட்டுட்டேன். பயிற்சியில மொத நாள் என்ன சொல்லுவாங்க தெரியுமா? உன் வீட்டை மொதல்ல அனுப்பு. அப்பதான் அடுத்தவன் வீட்டு வாசல்ல மனசு நிக்கும்னு. எல்லா ஊர்லயும் அப்படித்தான். என் பொண்டாட்டி புள்ளைங்க மொத ஆளா வந்திடுவாங்க. லிபி மாமியாரும் அப்படித்தான்."

"படைக்காரன் வீடு கடைசின்னுதானே சட்டம்?"

"யாரு சொன்னா?"

அவள் யோசித்தாள். யாரும் சொன்னதில்லை. அவளாக நினைத்துக்கொண்டதுதான். ஊருக்குப் பிறகுதான் தன் வீடு என்று இருக்கிற மனுஷன் என்று அவளே ஒரு பெருமையை வைத்து அந்தக் காத்திருப்பைத் தாங்கிக்கொண்டிருந்தாள்.

"உங்க வீடு கரையில மூணாவது சாச்சி. எழுத வேண்டிய இடம் அதுதான். தெற்கு வளைவு வரைக்கும் முடிச்சிட்டு உங்க வீட்டுக்குன்னு திரும்பி வர்றதுன்னா ஒரு மைல் எதிர்காத்துல நடக்கணும். மேல இருந்து பட்டியலைத் திருத்தித் திருத்தி மூணு தடவை அனுப்பினாங்க. மூணு தடவையும் சாச்சா பேனாவால அடிச்சிட்டு உங்க வீட்டைக் கொண்டுபோய் கடைசியில எழுதினார். நான் பக்கத்துல இருந்து பார்த்தேன்."

"எதுக்காம்? காரணம் கேக்கலையா நீ?"

"கேட்டேன். 'அவ மெதுவாக் கெளம்புற ஆளு'ன்னார்."

ஜுலேகா அவல் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"நானா?" என்றாள். "நானா மெதுவாக் கெளம்புறவ?"

மேல்மாடியில் கைக்குழந்தை ஒன்று அழுதது, யாரோ அதைத் தட்டிக்கொடுத்தார்கள். அவள் ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தார்ப்பாய்க்குள் அவர் தலைமுடி கலைந்திருந்தது. விரலால் வகிடு எடுத்துவிட்டாள். ஒரு கேள்வி கேட்க வேண்டும் போல இருந்தது. எப்படிக் கேட்பது என்று முப்பத்தாறு வருஷமாக அவளுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.

காலையில் தண்ணீர் வடிந்தபோது ஊர் பழுப்பாக இருந்தது. வீடுகள் இருந்த இடத்தில் மண் மேடுகள் மட்டும் நின்றன. கிணறும் குளமும் உப்பாகிவிட்டதால், மாடித் தொட்டியில் பிடித்து வைத்திருந்த மழைத் தண்ணீரில்தான் கெராமத்தின் மய்யித்தைக் குளிப்பாட்டினார்கள். ஆண்கள் குடங்களோடு நிற்க, ஜுலேகா போர்வைத் திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நான் அவர் கையைக் கழுவிக்கலாமா?"

"மூச்சு போனா அந்நிய ஆம்பளதான்டி, தொடக்கூடாது," என்று மொக்லேசின் தாய் பின்னாலிருந்து முணுமுணுத்தாள்.

இமாம் குடத்தைக் கீழே வைத்தார். "அப்படி எங்கயும் சொல்லலை. பொண்டாட்டி குளிப்பாட்டலாம். உள்ள வாங்கம்மா."

இடது கையை அவள் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டாள். விரல் இடுக்குகளில் செங்கல் பாதையின் சிவப்புச் சேறு இருந்தது. சிறுகச் சிறுகத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

படகு ஓடாததால் கொகன் வர வழியில்லை. அடக்கம் செய்கிற மையவாடி முழுக்க நீர். கரையின் மேட்டுப் பக்கம் ஒரு குழி வெட்டியிருப்பதாக வந்து சொன்னார்கள். தொழுகை முடிந்ததும் ஆண்கள் சந்தூக்கைத் தோளில் ஏற்றினார்கள். கட்டுப்போட்ட கையோடு பாபுலும் ஒரு ஓரத்தைப் பிடித்தான். பெண்கள் அடக்கத்துக்குப் போவதில்லை. ஜுலேகா படிக்கட்டின் மேல் நின்று, சேற்றில் ஒவ்வொரு காலாகப் பிடுங்கி வைத்து அவர்கள் போவதைப் பார்த்தாள்.

"இத்தாவுக்கு எங்கடி உக்காருவ?" சொகினா பக்கத்தில் வந்து நின்று கேட்டாள். "நாலு மாசம் பத்து நாள் வெளிய போகாம துக்கம் காக்கணும். வீடே இல்லையே. சட்டகாமுக்குப் பையனோட போயிடேன்."

"தரை இருக்குல்ல சொகினா. மேல போட ஒரு தார்ப்பாய் கேட்டிருக்கேன்."

"அந்த மேட்டுல தனியாவா?"

"தனியாத்தான்."

சொகினா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு, "சரி, எனக்கும் அங்கதானே கூடாரம். ராத்திரி சோறு நான் ஆக்குறேன்," என்று சொல்லிவிட்டுக் கீழே போனாள்.

குடும்பம் குடும்பமாக எல்லோரும் காப்பகத்தை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஆண் முன்னே, பெண் பின்னே, நடுவில் கோழிக்கூடையோடு பிள்ளைகள். அபாய எண் இறங்கிவிட்டது என்று ரேடியோவில் வந்ததும் லிபி மொட்டை மாடிக்குப் போய்க் கம்பத்திலிருந்த மூன்று கொடிகளையும் அவிழ்த்துக்கொண்டு வந்தாள். நடுவில் கறுப்புக் கட்டம் போட்ட சிவப்புத் துணிகள். ஓரமெல்லாம் நார் நாராகக் கிழிந்து, தண்ணீரில் ஊறிக் கனத்துப்போயிருந்தன.

"காய வெச்சு மடிச்சு வைக்கணும் சாச்சி. அடுத்ததுக்கு வேணும். இந்த முனையைக் கொஞ்சம் பிடிக்கிறீங்களா?"

ஜுலேகா பிடித்தாள். லிபி ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக முறுக்கினார்கள். முதலில் பழுப்பாகத் தண்ணீர் கொட்டியது. பிறகு கோடாக வழிந்தது, பிறகு சொட்டியது. தூரத்தில் கரை மேட்டில் ஆட்கள் வட்டமாக நின்று குனிவது தெரிந்தது. சொட்டுவது நின்றது. ஜுலேகா முறுக்கிக்கொண்டே இருந்தாள். லிபி தன் முனையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.